பத்து வயது நிறையாத நாடு

டெக்சாஸ் குடியரசு 1846ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி, ஆஸ்டின் நகரில், மரத்தால் கட்டிய சட்டமன்றத்தின் வாசலில் காலமானது. பிறந்தது 1836 மார்ச் 2. பத்து வயது நிறையப் பதினொரு நாள் பாக்கி. நோயில் கிடந்து போகவில்லை. எதிரி வந்து கொல்லவும் இல்லை. வாக்கெடுத்து, கையொப்பமிட்டு, நாள் குறித்து, ஊரைக் கூட்டிவைத்துப் போய்ச் சேர்ந்தது. கடைசி ஜனாதிபதி ஆன்சன் ஜோன்ஸ் தொழிலால் மருத்துவர். இந்த நாடகத்தின் கடைசிக் காட்சி முடிந்தது, டெக்சாஸ் குடியரசு இனி இல்லை என்று அவர் பேசி முடித்ததும் ஒற்றை நட்சத்திரக் கொடி இறங்கியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி ஏறியது. கூட்டத்தில் சிலர் அழுதார்கள் என்கிறார்கள். அழுதவர்களில் பலர் இதே முடிவுக்கு வாக்களித்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

இறந்தவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாமே என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். இங்கே அதற்கு இடமில்லை. இந்த நாடு பிறந்த ஆறாவது மாதமே தன் சாவுக்கு மனுப் போட்டது. 1836 செப்டம்பரில் நடந்த முதல் தேர்தலில், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்த கையோடு, அமெரிக்காவோடு சேர்ந்துவிடலாமா என்ற கேள்விக்கும் மக்கள் பதில் சொன்னார்கள். சேரலாம் என்றவர்கள் மூவாயிரத்துக்கு மேல். வேண்டாம் என்றவர்கள் நூறு பேர்கூடத் தேறவில்லை. ஆக, அந்தத் தேர்தலில் வென்றவருக்கு வாய்த்தது விசித்திரமான வேலை. ஒரு நாட்டை ஆள வேண்டும். அதே நேரத்தில் அதை இன்னொரு வீட்டில் ஒப்படைக்கும்வரை சேதமில்லாமல் காப்பாற்றவும் வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் சாம் ஹூஸ்டன். அவருடைய வாழ்க்கையைச் சொல்லாமல் இந்த நாட்டுக்கு இரங்கல் எழுத முடியாது. இரண்டுக்கும் பிறந்த நாள்கூட ஒன்றுதான்: குடியரசு பிறந்த அன்று ஹூஸ்டனுக்கு 43 வயது முடிந்திருந்தது.

1793இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். தகப்பனார் ராணுவ அதிகாரி, சீக்கிரமே போய்விட்டார். தாயார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையைத் தாண்டி டென்னசிக்குக் குடிபெயர்ந்தார். கடையில் உட்கார்ந்து கணக்கெழுதச் சொன்னார்கள். பையனுக்குப் பிடிக்கவில்லை. பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடி, செரோக்கி மக்களின் ஊரில் போய்த் தங்கிவிட்டான். அந்த ஊர்த் தலைவர் ஊலூடேகா அவனை மகனாகவே வைத்துக்கொண்டார். அண்டங்காக்கை என்று பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார். வெள்ளைக்காரக் குடியேறிகளில் பெரும்பாலானவர்கள் பழங்குடி மக்களைத் துப்பாக்கிக் குழலின் வழியாக மட்டுமே பார்த்த காலம் அது. ஹூஸ்டன் அவர்கள் மொழியைப் பேசினார். அவர்கள் சோற்றைத் தின்றார். பின்னாளில் அவர் செய்த நல்லதிலும், செய்யத் தவறியதிலும் அந்த மூன்று வருடங்களின் நிழல் உண்டு.

1813இல் படையில் சேர்ந்தார். அடுத்த வருடம் மார்ச் 27, அலபாமாவில் குதிரைலாட வளைவு என்ற ஆற்று வளைவில், கிரீக் மக்களில் போர்க்கொடி தூக்கியிருந்த பிரிவினரோடு ஆண்ட்ரூ ஜாக்சனின் படை மோதியது. மதில்மேல் முதலில் ஏறியவர்களில் ஹூஸ்டனும் ஒருவர். தொடையில் முள்முனை அம்பு பாய்ந்தது. பக்கத்திலிருந்த துணை அதிகாரியைப் பிடுங்கச் சொன்னார்; அவர் இரண்டு முறை இழுத்தும் வரவில்லை. வாளை ஓங்கி, இந்தத் தடவை வராவிட்டால் உன்னை வெட்டுவேன் என்றார். வந்தது, சதையையும் சேர்த்துக்கொண்டு. நீ போதும், ஒதுங்கி இரு என்று ஜாக்சனே சொல்லியும் கேட்காமல் மறுபடி பாய்ந்து, வலது தோளிலும் கையிலும் இரண்டு குண்டுகளை வாங்கினார். அந்தத் தொடைக் காயம் சாகும்வரை ஆறவே இல்லை. அந்தப் போரில் ஜாக்சனின் பக்கம் நின்று போரிட்டவர்களில் செரோக்கி வீரர்களும் இருந்தார்கள். பின்னால் ஜனாதிபதியான அதே ஜாக்சன்தான் அவர்களை வேரோடு பிடுங்கி மேற்கே விரட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

ஜாக்சனின் ஆதரவோடு ஹூஸ்டன் வேகமாக ஏறினார். வக்கீல், இரண்டு தடவை காங்கிரஸ் உறுப்பினர், 1827இல் டென்னசியின் ஆளுநர். ஜாக்சனுக்குப் பிறகு வெள்ளை மாளிகைக்கு இவர்தான் என்று பேச்சிருந்தது. 1829 ஜனவரியில், பெரிய குடும்பத்துப் பெண்ணான எலைசா ஆலனைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர்கள் இரண்டு நூற்றாண்டுகளாக ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்களுடைய பிழைப்பு. ஏப்ரல் 16 அன்று ஹூஸ்டன் ஆளுநர் பதவியை எழுதிக்கொடுத்துவிட்டு, மேற்கே பெயர்ந்து போயிருந்த ஊலூடேகாவிடமே திரும்பிப் போனார்.

அங்கே மூன்று வருடம் குடித்தே அழிந்தார். அண்டங்காக்கை என்று அழைத்தவர்களே அவரைப் பெருங்குடியன் என்று சொல்லத் தொடங்கினார்கள். டயானா ராஜர்ஸ் என்ற செரோக்கிப் பெண்ணோடு அவர்கள் முறைப்படி குடும்பம் நடத்தினார். மீட்டது ஒரு கைத்தடி. 1832இல் வாஷிங்டன் வந்திருந்தபோது, ஸ்டான்பெரி என்ற காங்கிரஸ் உறுப்பினர் தன்னைப் பற்றி அவையில் பேசியது அவருக்குப் பொறுக்கவில்லை. தெருவில் அவரை மடக்கித் தடியால் விளாசினார். ஸ்டான்பெரி கைத்துப்பாக்கியை நெஞ்சில் வைத்து அழுத்தினார், அது வெடிக்கவில்லை. அவையே கூடி ஹூஸ்டனை விசாரித்தது. அவருக்காக வாதாடிய வக்கீல் பிரான்சிஸ் ஸ்காட் கீ, அமெரிக்க தேசிய கீதத்தை எழுதியவர். தண்டனை என்னவோ ஒரு கண்டனமும் பிறகு நீதிமன்றம் விதித்த 500 டாலர் அபராதமும்தான். ஆனால் நாட்டுப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் மறுபடி ஹூஸ்டன் பெயர். மறக்கப்பட்டுக்கொண்டிருந்த என்னை அந்த வழக்குத்தான் எழுப்பி உட்காரவைத்தது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த வருட டிசம்பரில் சிவப்பாற்றைத் தாண்டி டெக்சாஸுக்குள் நுழைந்தார்.

அப்போது அது மெக்சிகோவின் மண். 1821இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற மெக்சிகோ, ஆளில்லாத வடக்கை நிரப்ப அமெரிக்கக் குடியேறிகளைக் கூப்பிட்டு நிலம் கொடுத்தது. ஸ்டீபன் ஆஸ்டின் நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கினார். வந்தவர்கள் பருத்தி விதையோடு அடிமைகளையும் கொண்டுவந்தார்கள். மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது; டெக்சாஸுக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டார்கள். அதற்கு முன்பே, அடிமையை வேலை ஒப்பந்தக்காரன் என்று எழுதி, ஆயுள் முழுக்க அந்த ஒப்பந்தத்தை இழுக்கும் தந்திரமும் நடப்பில் இருந்தது. 1830இல் புதிய அமெரிக்கர்கள் வரக் கூடாது என்று மெக்சிகோ சட்டம் போட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. பிறகு மெக்சிகோ ஜனாதிபதி சான்டா அன்னா மாகாணங்களின் உரிமையைப் பறித்து அதிகாரத்தை எல்லாம் தலைநகரில் குவித்தார். டெக்சாஸ் மட்டுமல்ல, மெக்சிகோவின் வேறு பல மாகாணங்களும் கொதித்தன. எனவே இந்தக் கலகத்துக்கு ஒரே காரணம் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். சுதந்திரத்துக்காகத்தான் எழுந்தார்கள், அந்தச் சுதந்திரத்தில் இன்னொருவனைச் சொத்தாக வைத்துக்கொள்ளும் சுதந்திரமும் அடக்கம்.

1836 மார்ச்சில், பிராசோஸ் ஆற்றங்கரையில் வாஷிங்டன் என்ற சிற்றூரில், கண்ணாடியில்லாத ஜன்னல்களில் துணி கட்டிய ஒரு கட்டடத்தில், குளிரில் நடுங்கிக்கொண்டு நாட்டைப் பிரகடனம் செய்தார்கள். கையொப்பமிட்ட 59 பேரில் டெக்சாஸ் மண்ணிலேயே பிறந்தவர்கள் இரண்டே பேர்: சான் அன்டோனியோவைச் சேர்ந்த நவாரோவும் ருயிஸும். அதே கூட்டம் எழுதிய அரசியல் சட்டம் அடிமைகளை விடுதலை செய்யும் அதிகாரம் காங்கிரசுக்குக் கிடையாது என்றது. விடுதலையான கறுப்பினத்தவர் காங்கிரசின் அனுமதியில்லாமல் நாட்டில் தங்கக் கூடாது என்றது. ஆப்பிரிக்க வம்சத்தவருக்கும் பழங்குடிகளுக்கும் குடியுரிமை இல்லை என்றது. அப்போது டெக்சாஸில் ஏறத்தாழ 5,000 அடிமைகள் இருந்தார்கள்.

கையொப்பத்தின் மை காயுமுன் அலமோ கோட்டை மெக்சிகோ படையிடம் விழுந்தது, மார்ச் 6. அதே மாதம் 27ஆம் தேதி கோலியாட்டில் சரணடைந்த கைதிகளை நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொன்றார்கள். படைத்தலைவர் ஹூஸ்டன் கிழக்கே பின்வாங்கிக்கொண்டே போனார்; அவருக்கு முன்னால் குடும்பங்கள் மாட்டுவண்டியில் மூட்டை கட்டிக்கொண்டு மழையில் ஓடின. கோழை என்றார்கள். தன் திட்டத்தை ஹூஸ்டன் யாரிடமும் சொல்லவில்லை. ஏப்ரல் 21 பிற்பகல், சான் ஜசிண்டோவில், சான்டா அன்னாவின் படை ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஏறத்தாழ 900 பேரோடு பாய்ந்தார். சண்டை 18 நிமிடம். அதற்குப் பிறகு நடந்தது சண்டை இல்லை, வெட்டு. சதுப்பில் சிக்கிக் கை தூக்கியவர்களையும் விடவில்லை. மெக்சிகோ தரப்பில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். டெக்சாஸ் தரப்பில் ஒன்பது. ஹூஸ்டனின் கணுக்கால் நொறுங்கியது. மறுநாள் சாதாரணச் சிப்பாயின் உடையில் ஒருவரைப் பிடித்து வந்தார்கள்; மற்றக் கைதிகள் எழுந்து நின்று ‘ஜனாதிபதி’ என்றதில் சான்டா அன்னாவின் குட்டு உடைந்தது. தூக்கில் போடு என்று கூட்டம் கத்தியது. மரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருந்த ஹூஸ்டன் மறுத்துவிட்டார். செத்த சான்டா அன்னாவால் பயன் இல்லை. உயிரோடிருக்கும் சான்டா அன்னா கையெழுத்துப் போட்டால் மீதிப் படை திரும்பிப் போகும். போனது. என் கணக்கில் அவருடைய வெற்றி அந்த 18 நிமிடத்தைவிட இந்த மறுப்பில்தான் இருக்கிறது.

செப்டம்பர் தேர்தலில் ஹூஸ்டனுக்கு 5,119 வாக்கு. டெக்சாஸை உருவாக்கியவர் என்று பெயரெடுத்த ஆஸ்டினுக்கு 587. ஆஸ்டின் வெளியுறவு அமைச்சராக ஒப்புக்கொண்டு, அந்த டிசம்பரிலேயே 43 வயதில் இறந்துபோனார்.

நாடு எப்படி இருந்தது? 1837இல் பறவை ஓவியர் ஆடுபான், புதுத் தலைநகரான ஹூஸ்டன் நகரத்துக்குப் போய் ஜனாதிபதியைப் பார்த்தார். மரக்கட்டைகளை அடுக்கிய இரண்டு அறை வீடு, நடுவே ஒரு நடை, தரையெல்லாம் சேறு. அதற்குள் வெல்வெட் கோட்டும் பொன்சரிகை வைத்த கால்சட்டையுமாக ஜனாதிபதி. கருவூலத்தில் ஒன்றுமில்லை. இருந்த ஒரே சொத்து நிலம். அதைத்தான் சம்பளமாகவும் கடனுக்கு ஈடாகவும் குடியேறுவோருக்குக் கவர்ச்சியாகவும் அள்ளிக் கொடுத்தார்கள்.

ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை ஜனாதிபதியாகக் கூடாது என்பது சட்டம். 1838 டிசம்பரில் மிராபோ லமார் வந்தார். கவிஞர், குதிரை வீரர், கனவுக்காரர். பதவி ஒப்படைக்கும் நாளில் ஹூஸ்டன் ஜார்ஜ் வாஷிங்டன் வேடத்தில் பொடி போட்ட தலையோடு வந்து மூன்று மணி நேரம் பேசினார் என்றும், அதைக் கேட்டு நடுங்கிப்போன லமார் தன் உரையைச் செயலாளரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் என்றும் சொல்வார்கள். லமாருக்கு அமெரிக்காவோடு சேர விருப்பமில்லை. பசிபிக் கடல்வரை நீளும் பேரரசைக் கனவு கண்டார். தலைநகரை எல்லைப்புறத்தில், கொமாஞ்சிப் பழங்குடிகளின் வேட்டைக்காட்டின் ஓரத்தில், ஆஸ்டின் என்று பெயர் வைத்து எழுப்பினார். பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நிலம் ஒதுக்கியது அவர் காலம்தான். கடன்காரன் குடியிருக்கும் வீட்டைப் பறிக்க முடியாதபடி சட்டம் வந்ததும் அவர் காலம்தான். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பின்பக்கம் சிவப்பாக அச்சடித்த அவருடைய நோட்டு, இரண்டு மூன்று வருடத்தில் டாலருக்கு இரண்டு சென்ட் என்று இறங்கியது. சான்டா ஃபேவைத் தன்வசமாக்க அனுப்பிய கூட்டம் வழி தெரியாமல் பட்டினி கிடந்து, மெக்சிகோ படையிடம் சரணடைந்து, கைதியாக நடந்தே மெக்சிகோ நகரம் போனது.

அவர் காலத்தின் பெரிய பாவம் கிழக்கு டெக்சாஸின் செரோக்கிகளை விரட்டியது. 1836 பிப்ரவரியில், போருக்கு நடுவே, அவர்கள் மெக்சிகோவோடு சேராமல் இருப்பதற்காக ஹூஸ்டன் நேரில் போய், உங்கள் நிலம் உங்களுக்கே என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். அவர்கள் சொன்னபடி ஒதுங்கி நின்றார்கள். நாடு கிடைத்ததும் டெக்சாஸ் செனட் அந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தது. 1839 ஜூலையில் லமாரின் படை நெச்சஸ் ஆற்றங்கரையில் அவர்களைத் தாக்கியது. எண்பது வயதைக் கடந்த தலைவர் டுவாலி, ஹூஸ்டன் பரிசளித்த வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுடப்பட்டுச் செத்தார். ஹூஸ்டன் கொதித்துப் பேசினார். பேச்சுத்தான் மிச்சம். அவர் கொடுத்த வாக்கு அவருடைய நாட்டாலேயே செல்லாக்காசானது. அடுத்த வருடம் சான் அன்டோனியோவில் சமாதானம் பேச வந்த கொமாஞ்சித் தலைவர்களைப் பேச்சுவார்த்தை நடந்த கட்டடத்திலேயே கொன்றார்கள். அதற்குப் பழி வாங்கியவர்களையும், அந்தப் பழிக்குப் பழி வாங்கியவர்களையும் எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

வெளிநாடுகளிடம் மட்டும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. அமெரிக்கா 1837இலும் பிரான்ஸ் 1839இலும் அங்கீகரித்தன. பிறகு பிரிட்டன், நெதர்லாந்து, பெல்ஜியம். லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஒரு பழைய ஒயின் கடையின் கட்டடத்தில் டெக்சாஸ் தூதரகம் இருந்தது; இன்றும் அங்கே ஒரு பலகை உண்டு. நாடு மறைந்தபோது வைத்துவிட்டுப் போன வாடகைப் பாக்கியை 1986இல் டெக்சாஸ்காரர்கள் சிலர் வந்து தீர்த்தார்கள் என்பது அந்தக் கடையில் சொல்லும் கதை. ஆஸ்டினில் பிரெஞ்சுத் தூதருக்கு நேர்ந்தது இன்னும் விசேஷம். விடுதிக்காரர் புல்லக்கின் பன்றிகள் தூதரின் லாயத்தில் புகுந்து சோளத்தைத் தின்றன. தூதர் சொல்லி வேலைக்காரர் பன்றிகளைக் கொன்றார். புல்லக் வேலைக்காரரை அடித்தார். சர்வதேசச் சட்டம் மீறப்பட்டது என்று தூதர் 1841இல் நாட்டைவிட்டே போய்விட்டார். வரலாற்றில் இதற்குப் பன்றிப் போர் என்று பெயர்.

1841இல் ஹூஸ்டன் திரும்பி வந்தபோது வீடு கடனில் மூழ்கியிருந்தது. சம்பளங்களை வெட்டினார், தன்னுடையதையும் சேர்த்து. பழங்குடிகளோடு மறுபடி ஒப்பந்தங்கள் பேசினார். போரைவிட ஒப்பந்தம் மலிவு. 1842இல் மெக்சிகோ படை இரண்டு தடவை சான் அன்டோனியோவைப் பிடித்துவிட்டுத் திரும்பியது. முதல் தடவைக்குப் பிறகு, படையெடுப்போம் என்று காங்கிரஸ் போட்ட தீர்மானத்தைத் தடுத்துவிட்டார். காசில்லாமல் போருக்குப் போகிறவனை அவருக்குப் பிடிக்காது. பேச்சைக் கேட்காமல் எல்லை தாண்டிய ஒரு படை மியர் ஊரில் பிடிபட்டது. தப்பி ஓடி மறுபடி சிக்கிய 176 பேரைப் பானைக்குள் கைவிட்டு அவரை விதை எடுக்கச் சொன்னார்கள். கறுப்பு விதை எடுத்த 17 பேரைச் சுட்டார்கள். அதே 1842 டிசம்பரில், ஆஸ்டின் பாதுகாப்பில்லாத இடம் என்று அரசு ஆவணங்களை எடுத்துவர ஹூஸ்டன் வண்டிகளை அனுப்பினார். தலைநகரம் கைவிட்டுப் போனால் விடுதி நடத்த முடியாது என்று தெரிந்த ஏஞ்சலினா எபர்லி என்ற அம்மாள், தெருவில் நின்ற பீரங்கியைத் திருப்பி அரசு அலுவலகத்தின் மேலேயே சுட்டார். ஊர்க்காரர்கள் துரத்திப் போய் ஆவணங்களைப் பிடுங்கிவந்தார்கள். ஜனாதிபதி தோற்றுப்போனார்.

இதே காலத்தில்தான் ஹுவான் செகின் நாட்டைவிட்டு ஓடினார். சான் ஜசிண்டோவில் ஹூஸ்டனோடு நின்று போரிட்ட மெக்சிகோ வம்சத்து டெக்சாஸ்காரர். சான் அன்டோனியோவின் மேயர். புதிதாக வந்த வெள்ளையர்கள் அவரைத் துரோகி என்றார்கள். உயிருக்குப் பயந்து மெக்சிகோ போனவர், அங்கே அதே 1842இல் மெக்சிகோ படையில் சேர்ந்து தன் ஊரைத் தாக்க வர வேண்டியதாயிற்று. இந்த நாட்டுக்காக ரத்தம் சிந்தியவருக்கு இந்த நாட்டில் இடமில்லை. குடியரசின் சாவுக்கு அழுதவர்களின் பட்டியலில் அவர் இருக்க நியாயமில்லை.

சாவு வந்த விதம் ராஜதந்திரப் பாடம். 1837இல் டெக்சாஸ் தன்னைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டபோது அமெரிக்கா கைவிரித்தது. சேர்த்தால் மெக்சிகோவோடு போர். அதோடு இன்னொரு அடிமை மாநிலம் வந்தால் வடக்கு சும்மா இருக்காது. பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போனால், வேறொரு நல்ல இடத்திலிருந்து கேட்கிறார்கள் என்ற சேதியை அவர்கள் காதில் விழும்படி பேசுவார்களே, ஹூஸ்டன் அதைச் செய்தார். பிரிட்டனோடு குழைந்தார். பிரிட்டனுக்கும் டெக்சாஸ் தனியே இருப்பதுதான் வசதி: அமெரிக்காவைச் சாராத பருத்தி, அமெரிக்காவை மறிக்கும் ஒரு வேலி, முடிந்தால் அடிமை முறையையும் ஒழிக்கலாம். இந்தக் கடைசி வார்த்தை அமெரிக்கத் தென்பகுதியின் வயிற்றைக் கலக்கியது. அமெரிக்க ஜனாதிபதி டைலர் ஓடிவந்து 1844 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார். அமெரிக்க செனட் 35க்கு 16 என்று அதைத் தோற்கடித்தது. ஆனால் அந்த வருடத் தேர்தலில் டெக்சாஸைச் சேர்ப்பேன் என்ற போல்க் வென்றார். 1845 மார்ச் 1 அன்று கூட்டுத் தீர்மானத்தில் டைலர் கையொப்பமிட்டார்.

பிரிட்டனின் தூதர் சார்லஸ் எலியட், சில வருடங்களுக்கு முன் அபினிப் போரின்போது ஹாங்காங்கைத் தன் அரசுக்கு வாங்கிக்கொடுத்தவர், கடைசி முயற்சியாக மெக்சிகோவுக்கு ரகசியமாகப் போனார். எந்த நாட்டோடும் சேரமாட்டோம் என்று உறுதி தந்தால் டெக்சாஸின் சுதந்திரத்தை ஏற்கிறோம் என்று மெக்சிகோவிடம் எழுதி வாங்கிவந்தார். ஒன்பது வருடமாக மறுத்ததை மெக்சிகோ கொடுத்துவிட்டது. ஆன்சன் ஜோன்ஸ் அந்த ஜூனில் காங்கிரஸ் முன்னால் இரண்டு தாளையும் வைத்தார்: ஒன்று உயிர், ஒன்று சாவு. காங்கிரஸ் ஒருமனதாகச் சாவைத் தேர்ந்தெடுத்தது. ஜூலை 4 அன்று கூடிய மாநாட்டில் எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர், பெஞ்சமின் பிராங்க்ளினின் பேரன் ரிச்சர்ட் பேச். மனைவியை அமெரிக்காவில் விட்டு வந்தவர்; ஒரே நாட்டில் மறுபடி அவளோடு இருக்கப் பயந்துதான் அப்படிச் செய்தார் என்று ஊரில் கேலி பேசினார்களாம்.

அந்தச் சாவு சும்மா வரவில்லை. மூன்று மாதத்தில் அமெரிக்காவும் மெக்சிகோவும் போரில் இறங்கின. போர் முடிந்தபோது கலிபோர்னியாவரை மெக்சிகோவின் வடபாதி போயிருந்தது. 1850இல், நியூ மெக்சிகோ பக்கம் குடியரசு கோரிவந்த நிலத்தை விட்டுக்கொடுத்ததற்காக அமெரிக்கா கோடி டாலர் கொடுத்தது. குடியரசின் கடன் அதில் அடைந்தது.

கடைசி ஜனாதிபதி ஜோன்ஸ், அமெரிக்கச் சேர்க்கைக்கு உரிய பெருமையை ஹூஸ்டன் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கடைசிவரை புழுங்கினார். 1857இல் செனட் பதவி தனக்கு வரும் என்று நம்பினார். ஒரு வாக்கும் விழவில்லை. 1858 ஜனவரியில் ஹூஸ்டன் நகரத்து விடுதி ஒன்றில் தன்னைச் சுட்டுக்கொண்டார். அந்த விடுதி முன்பு குடியரசின் சட்டமன்றமாக இருந்த கட்டடம்.

ஹூஸ்டன் 13 வருடம் அமெரிக்க செனட்டில் இருந்தார். சிறுத்தைத்தோல் அரைச்சட்டை போட்டுக்கொண்டு, அவையில் மரத்துண்டு செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மார்கரெட் என்பவரைக் கல்யாணம் செய்து, குடியை விட்டு, எட்டுப் பிள்ளைகள் பெற்றிருந்தார். அடிமை முறையைப் புதிய நிலங்களுக்குத் திறந்துவிட்ட 1854ஆம் வருடக் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தை எதிர்த்து வாக்களித்த தென்பகுதி செனட்டர்கள் இரண்டே பேர், அவர் ஒருவர். டெக்சாஸ் அவரை மன்னிக்கவில்லை. ஆனாலும் 1859இல் ஆளுநராக்கியது. 1861இல் பிரிவினை மாநாடு கூடி, அமெரிக்காவைவிட்டு விலகி அடிமை மாநிலங்களின் கூட்டமைப்பில் சேர முடிவெடுத்தது. ஹூஸ்டன் இதை எதிர்த்த விதம்தான் விசித்திரம். விலகத்தான் வேண்டும் என்றால் பழைய குடியரசாகத் தனித்து நிற்போம், இன்னொரு கூட்டமைப்பில் சேர உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். ஒன்பது வருடம் பாடுபட்டு அந்த நாட்டை மற்றொரு வீட்டில் ஒப்படைத்தவர், இப்போது அதைத் திருப்பிக் கேட்ட ஒரே ஆள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மார்ச் 16 அன்று கூட்டமைப்புக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மூன்று தடவை அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கீழ்த்தளத்தில் மரம் செதுக்கிக்கொண்டிருந்தார். பதவி போயிற்று. பதவியைக் காப்பாற்ற லிங்கன் அனுப்ப முன்வந்த படையையும் வேண்டாம் என்றார். 1863 ஜூலை 26 அன்று ஹன்ட்ஸ்வில் ஊரில் இறந்தார். கடைசியாக டெக்சாஸின் பெயரையும் மனைவியின் பெயரையும் சொன்னார் என்கிறார்கள்.

ஒன்றியத்துக்காகப் பதவியை விட்டவர், தன் அடிமைகளை விட்டவரல்ல. குடியரசு தன் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த அந்த ஏற்பாடு 1846இல் அதோடு சாகவில்லை. 5,000 பேராக இருந்தவர்கள் 1860 கணக்கெடுப்பில் 1,82,566 பேர். அது முடிந்தது 1865 ஜூன் 19 அன்று, கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஜெனரல் கிரேஞ்சர் விடுதலை ஆணையைப் பிறப்பித்தபோதுதான்.

மார்கரெட் 1840இல் அலபாமாவிலிருந்து மணப்பெண்ணாக வந்தபோது கூடவே கொண்டுவந்தவர்களில் ஜோஷுவா என்ற இளைஞர் ஒருவர். கொல்லுவேலை தெரிந்தவர், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதித்ததை வைத்துக்கொள்ள ஹூஸ்டன் அவரை அனுமதித்திருந்தார். ஹூஸ்டன் போனபின் கையில் காசில்லாத மார்கரெட்டிடம் தன் சேமிப்பை அவர் கொண்டுபோய் நீட்டினார் என்றும், மார்கரெட் வாங்க மறுத்து உன் பிள்ளைகளைப் படிக்கவை என்றார் என்றும் குடும்பத்தில் சொல்வார்கள். விடுதலைக்குப் பின் அவர் ஜோஷுவா ஹூஸ்டன் ஆனார். ஹன்ட்ஸ்வில் நகர மன்றத்தில் உறுப்பினராக இருந்தார். பிறகு அந்த மாவட்ட ஆட்சிக் குழுவுக்கு வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்டார், இரண்டு தடவை.